ஒரு நாள் ஆயுள், உலகப் புகழ்: லாட் பெற்ற விருதுகள்

பத்திரிகையில் வரும் கேலிச்சித்திரத்துக்கு ஆயுள் ஒரு நாள்தான். காலையில் பசியாறும்போது பார்த்துச் சிரித்த படம், மறுநாள் பொட்டலம் கட்டப் போய்விடும். அப்படி ஒரு நாள் வாழ்ந்து மறையும் படங்களை வரைந்தவரைத் தேடி அரண்மனைப் பட்டமும் அயல்நாட்டு விருதுகளும் வந்தன. அவர்தான் மலேசியர்கள் 'லாட்' என்று அன்போடு அழைக்கும் டத்தோ முகமட் நோர் காலிட்.

1951 மார்ச் 5-ஆம் நாள் பேராக் மாநிலம், கோப்பெங் அருகிலுள்ள கோத்தா பாரு என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். குழந்தையில் முகம் உருண்டையாக இருந்ததால் வீட்டில் 'புலாட்' என்று கூப்பிட்டார்கள். மலாயில் அதற்கு 'வட்டம்' என்று பொருள். அந்தச் செல்லப் பெயரே சுருங்கி லாட் ஆனது.

அவருடைய முதல் நூலுக்கும் பினாங்குக்கும் தொடர்பு உண்டு. 1964-இல், 13 வயதில், அவர் வரைந்த 'தீகா செகாவான்' என்ற சித்திரக்கதையைப் பினாங்கின் சினாரான் பிரதர்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. அனுப்பியவர் ஒரு பள்ளிச் சிறுவன் என்பது பதிப்பாளர்களுக்குத் தெரியவில்லை. 1968-இல், பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே, 'கெலுவார்கா சி மாமாட்' என்ற தொடர் சித்திரம் 'பெரித்தா மிங்கு' ஞாயிறு இதழில் தொடங்கியது. அது 26 ஆண்டுகள் ஓடியது.

ஆனால் பள்ளித் தேர்வில் அவருக்குக் கிடைத்தது மூன்றாம் நிலைத் தேர்ச்சிதான். 1970-இல் 'பெரித்தா ஹரியான்' நாளேட்டில் ஓவியர் வேலை கேட்டுப் போனார். காலியிடம் இல்லை என்று சொன்ன ஆசிரியர் அப்துல் சமாட் இஸ்மாயில், குற்றச் செய்தி நிருபர் வேலையைக் கொடுத்தார். காவல் நிலையம், நீதிமன்றம், மருத்துவமனை என்று அலையும் அந்த வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. 1974-இல் ஹாங்காங்கிலிருந்து வெளிவந்த 'ஏசியா மேகசின்' இதழில், மலாய்ச் சிறுவர்களின் விருத்தசேதனச் சடங்கைப் பற்றி அவர் வரைந்த 'பெர்சுனாட்' வெளியானது. தன் வீட்டுப் பிள்ளையின் திறமையை வெளியூர் ஏட்டில் பார்த்த பிறகுதான் 'நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' அவரை முழுநேரக் கேலிச்சித்திரக்காரராக்கியது.

அது எளிய காலமல்ல. 1969 மே 13 கலவரத்தின் காயம் ஆறாத நாடு அது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று பேச்செடுத்தாலே மனம் சுருங்கிய நாள்கள். அந்தச் சூழலில் லாட் ஒவ்வோர் இனத்தாரின் கல்யாணத்தையும் கடைத்தெருவையும் வரைந்தார். யாரையும் இழிவுபடுத்தாமல், அவரவர் தம்மைப் பார்த்துத் தாமே சிரிக்கும்படி வரைந்ததுதான் அவருடைய வெற்றி. 1979-இல் வந்த 'கம்போங் பாய்' அவருடைய பிள்ளைப் பருவத்தைச் சொன்னது. 1981-இல் வந்த 'டவுன் போய்' ஈப்போ பட்டணத்து நட்பைச் சொன்னது.

விருதுகள் அதன் பிறகே வரிசையாக வந்தன. 1994-இல் பேராக் சுல்தான் அவருக்கு 'டத்தோ' பட்டம் வழங்கினார். சமூக நல்லிணக்கத்துக்கு அவருடைய படங்கள் ஆற்றிய பணிக்கான மரியாதை அது. 'ஓவியருக்கு இடமில்லை' என்று சொன்ன அதே அப்துல் சமாட் இஸ்மாயில், இதழியல் பணிக்காக மகசேசே விருது பெற்றதும் அதே 1994-இல்தான். 1998-இல் அமெரிக்காவின் ஐசனோவர் ஆய்வுநல்கை லாட்டுக்குக் கிடைத்தது. 'கம்போங் பாய்' தொலைக்காட்சி அசைபடத் தொடரின் ஓர் அங்கமான 'ஓ! தோக்', 1999-இல் பிரான்சின் அன்னெசி அசைபட விழாவில் சிறப்பு விருது பெற்றது. 2002-இல் ஜப்பானின் ஃபுக்குவோக்கா ஆசியப் பண்பாட்டு விருது வந்தது. அந்த ஆண்டு அதே மேடையில் தலைமைப் பரிசு பெற்றவர் சீனத் திரைப்பட இயக்குநர் ஜாங் யீமோ. கல்விப் பரிசு பெற்றவர்களில் இலங்கை வரலாற்றாசிரியர் கே. எம். டி சில்வாவும் ஒருவர்.

கேலிச்சித்திரத்தை உலகம் தாமதமாகவே மதித்தது. அமெரிக்காவில் தொடர் சித்திரம் ஒன்றுக்கு முதன்முதலாகப் புலிட்சர் பரிசு கிடைத்தது 1975-இல்தான். பெற்றவர் 'டூன்ஸ்பரி' தொடரை வரைந்த கேரி ட்ரூடோ. இந்தியாவின் ஆர். கே. லட்சுமணை மும்பையின் ஜே. ஜே. ஓவியக் கல்லூரி மாணவராகச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. அவரே 1984-இல் மகசேசே விருதும் 2005-இல் பத்ம விபூஷண் விருதும் பெற்றார். லாட்டின் கதையும் லட்சுமணின் கதையும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. திறமைக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் 'இடமில்லை' என்ற பதில்தான்.

பட்டங்களையெல்லாம் எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தால், லாட்டின் பெரிய விருது வாசகரிடம் இருக்கிறது. பேராக் கிராமத்து மலாய்ச் சிறுவனின் கதையை 2006-இல் அமெரிக்கப் பதிப்பில் படித்தவர்களும் தம் சொந்தப் பிள்ளைப் பருவமாகவே அதை உணர்ந்தார்கள். ஓர் இனத்தின் கதை எல்லா இனத்தின் கதையாக மாறியதற்கு மேல் வேறு பரிசு எதற்கு?

பிறையிலும் பட்டர்வொர்த்திலும் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியரின் முகத்தை வரைந்து ஒளித்து வைக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்தெறிவதற்கு முன்பு, பெற்றோர் ஒரு முறை உற்றுப் பார்ப்பது நல்லது. லாட்டின் முதல் புத்தகமும் 13 வயதுப் பையன் ஒருவன் வரைந்ததுதான்.