பண்டிகை நாளில் கடையை மூடு: இரட்டைமலை சீனிவாசன் எழுப்பிய கோரிக்கையும் நம் காலமும்

தமிழ்நாட்டு மதுவிலக்கின் வரலாற்றைச் சொல்பவர்கள் இரண்டு ஊர்களைச் சொல்வார்கள். ஒன்று ஈரோடு. 1921இல் பெரியாரும் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியல் நடத்திய ஊர். இன்னொன்று சேலம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்த மாவட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில், 1929இல், சென்னை சட்டமன்றத்தில் ஒரு குரல் எழுந்தது. விடுமுறை நாட்களிலாவது மதுக்கடைகளை மூடுங்கள் என்று கேட்ட அந்தக் குரல் இரட்டைமலை சீனிவாசனுடையது. பாடப்புத்தகங்களில் இதைத் தேட வேண்டாம், கிடைக்காது.

அவர் நம் பகுதிக்காரர். மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்தவர். மாகறலில் இருந்து உத்திரமேரூர் வழியாகப் போனால் மதுராந்தகம் வந்துவிடும். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர், அண்ணல் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் என்ற அளவில் அவரை அறிவோம். அவர் ஏன் குறிப்பாக விடுமுறை நாளைப் பிடித்துக்கொண்டார் என்பதை யோசித்துப் பார்த்திருக்கிறோமா?

நிலமில்லாத கூலிக்கு வாரக்கடைசி என்று ஒன்று கிடையாது. வேலை இருந்தால் கூலி, இல்லையென்றால் பட்டினி. அப்படிப்பட்டவருக்குக் கையில் கொஞ்சம் காசும், செய்ய வேலை இல்லாத ஒரு முழுப் பகலும் சேர்ந்து கிடைப்பது பண்டிகை அன்றுதான். உறவுக்காரர்கள் வருவார்கள். பழைய கூட்டாளிகள் கூப்பிடுவார்கள். ஊர்த் திருவிழாவிலும் சாவிலும் பறையடிக்கப் போனவர்களுக்குக் கூலியோடு சாராயத்தையும் ஊற்றிக் கொடுப்பது ஒரு வழக்கமாகவே இருந்தது. ஊற்றிக் கொடுத்தவர்களே "சேரின்னாலே குடிதான்" என்று பேசவும் செய்தார்கள். ஓர் ஆண்டின் சேமிப்பு கரையும் நாள் எது என்று சீனிவாசனுக்குத் தெரிந்திருந்தது என்றே நான் இந்தக் கோரிக்கையைப் படிக்கிறேன்.

குடியை இந்தச் சமூகம் எப்படியெல்லாம் பார்த்து வந்திருக்கிறது என்பதை நம் வட்டாரத்திலேயே படிக்கலாம். உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டை ஜனநாயகத்தின் சான்று என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். பராந்தக சோழன் காலத்தில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் பொறிக்கப்பட்டது. வாரியத்துக்கு யார் வரக்கூடாது என்று அது ஒரு பட்டியல் போடுகிறது. மகாபாதகம் செய்தவர்கள் அதில் வருகிறார்கள். சாத்திரம் சொல்லும் மகாபாதகங்களில் மது அருந்துவதும் ஒன்று. அதாவது குடித்தவன் பாவி, அவனை வெளியே நிறுத்து. அது பிராமணர்களின் சபை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் தகுதிகளாகக் கேட்கப்பட்ட இடம். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நம் முன்னோர் அதற்கு வெளியேதான் நின்றார்கள்.

பிரிட்டிஷார் வந்தபோது பாவம் வருமானமாக மாறியது. 1886இன் சென்னை அப்காரி சட்டம் கள், சாராயத்தை அரசின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. கடைகள் ஏலம் போயின. மாகாண வருவாயில் பெரும்பங்கு இதிலிருந்து வந்தது. மதுவிலக்கால் விழுந்த ஓட்டையை அடைக்கத்தான் ராஜாஜி 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் கருணாநிதி ஆட்சி அதைத் தளர்த்தியது, 1974க்குள் கடைகளைத் திரும்ப மூடியது. 1981இல் எம்ஜிஆர் ஆட்சி மறுபடி திறந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 நவம்பரில் ஜெயலலிதா ஆட்சி சில்லறைக் கடைகளையும் அதன் கையில் கொடுத்தது. மதுவிலக்குக்காக வந்த வரி போகவில்லை, போன மதுவும் திரும்பி வந்துவிட்டது. 2024–25இல் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல்.

இந்த இரண்டு பார்வைக்கும் எதிராக நமக்கென்று ஒரு மரபு உண்டு. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த பௌத்த ஒழுக்கத்தில், பஞ்சசீலத்தின் ஐந்தாவதாக மது தவிர்த்தல் இருக்கிறது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் மக்களோடு சேர்ந்து எடுத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. இங்கே குடிக்காமல் இருப்பது சுயமரியாதை. அதோடு, இரண்டு இடங்களிலும் உறுதிமொழி தனி ஆளாக எடுக்கப்படவில்லை. சங்கமாகக் கூடி எடுத்தார்கள். இந்த 'கூடி' என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீனிவாசன் கேட்டது இன்று எந்த நிலையில் இருக்கிறது? ஆண்டுக்கு 8 நாள் டாஸ்மாக் மூடப்படுகிறது: திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாதுநபி, காந்தி ஜெயந்தி. தீபாவளி இதில் இல்லை. பொங்கல் நாளும் இல்லை. அண்ணல் பிறந்த ஏப்ரல் 14உம் இல்லை. திருவள்ளுவர் தினத்தன்று கடை மூடியிருக்கும் என்று தெரிந்து, முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தீபாவளி முடிந்த மறுநாள் எத்தனை நூறு கோடிக்கு விற்றது என்று செய்தி வருகிறது. அந்த எண்ணில் எத்தனை வீட்டுச் சண்டை, எத்தனை பைக் விபத்து அடங்கியிருக்கிறது என்று எந்தச் செய்தியும் கணக்குப் போடுவதில்லை.

ஆனால் கடையை மூடுவது மட்டும் போதாது என்பதையும் அண்மை வரலாறு காட்டிவிட்டது. 2020 மார்ச் 24 முதல் மே 6 வரை டாஸ்மாக் முழுக்க மூடியிருந்தது. பல பேர் குடியை விட்டார்கள், அது உண்மை. செங்கல்பட்டில் வார்னிஷ் குடித்தும், புதுக்கோட்டைக் கடலோரத்தில் ஷேவிங் லோஷன் குடித்தும் ஆட்கள் செத்தார்கள், அதுவும் உண்மை. 2023 மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பகுதிகளிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. கருணாபுரம் சாவுகளையும் சேர்த்து கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல். செத்தவர்களில் பெரும்பாலோர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் சும்மா இருக்காது. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதது எல்லாம் கண்ணில் தெரியும். அது உயிருக்கே ஆபத்து. "மனசு வெச்சா விட்றலாம்" என்று சொல்லி வீட்டில் பூட்டி வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது நோய். மருத்துவர் வேண்டும்.

குடியை நோயாகப் பார்த்து மருத்துவம் செய்யும் முயற்சிகளும் இங்கே நடந்திருக்கின்றன. 1980இல் சாந்தி ரங்கநாதன், குடிநோயால் இறந்த தன் கணவரின் நினைவாகச் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். நகரத்து மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்காக 1989 முதல் அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம்கள் நடந்தன. கிராமத்திலேயே இடம், உள்ளூர் அமைப்பின் துணை, நோயாளியோடு குடும்பத்துக்கும் ஆலோசனை, முகாம் முடிந்த பின்னும் மாதாமாதம் தொடர்பு என்று அது நடந்தது. சிகிச்சை கிராமத்துக்கு வர முடியும் என்பதை அது காட்டியது.

உலகத்தில் இன்னொரு வழியும் வளர்ந்தது. 1930களில் மாஸ்கோவில் மனநோய் மருத்துவமனையில் படுக்கை போதாமல் போனபோது, நோயாளிகள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பகல்நேர மருத்துவமனை உருவானது. 1946இல் மாண்ட்ரியாலிலும் லண்டனிலும் அதே முறை வந்தது. பிறகு குடிநோய்க்கும் அதைப் பயன்படுத்தினார்கள். நடுக்கமும் வலிப்பும் வரும் ஆபத்தான கட்டம் தாண்டிய பிறகு, நோயாளி பகலில் மையத்துக்கு வருகிறார். நேரத்துக்குச் சாப்பாடு, மருந்து, குழுப் பேச்சு, தனி ஆலோசனை. குடிக்கத் தோன்றும்போது என்ன செய்வது, யாருக்குப் போன் போடுவது என்ற பயிற்சி. ராத்திரி சொந்த வீட்டில் தூக்கம்.

இதைச் சீனிவாசனின் கோரிக்கையோடு சேர்த்துப் பாருங்கள். மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் தங்கு என்றால் கூலிக்காரர் வீட்டில் உலை கொதிக்காது. சாதாரண நாளில் பகல்நேர மையத்துக்கு வந்தாலும் அன்றைய கூலி போகும். பண்டிகை நாளிலோ எப்படியும் கூலி இல்லை. நீண்ட வெறும் பகலும், கூப்பிடும் கூட்டாளிகளும்தான் இருக்கிறார்கள். ஆகவே மையம் கட்டாயம் திறந்திருக்க வேண்டிய நாள் பண்டிகை நாள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் பல நாடுகளில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு அன்று இரவு பகலாகக் கூட்டம் நடத்துவது இதனால்தான். நம் ஊரில் பண்டிகை வந்தால் டாஸ்மாக் திறந்திருக்கிறது, ஆலோசகரின் அறை பூட்டியிருக்கிறது.

இது தர்மம் கேட்கும் விஷயமும் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மது, போதை சார்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதன் 18ஆம் பிரிவு அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் மனநலச் சேவையை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. சமூக அளவிலான மறுவாழ்வுச் சேவையும் அதில் அடங்கும். அரசியல் சாசனத்தின் 47ஆம் பிரிவை மேடையில் பேசுகிறோம். இந்த 18ஆம் பிரிவை மனுவில் எழுதத் தொடங்க வேண்டும்.

மையம் எங்கே அமைகிறது என்பதையும் கவனியுங்கள். ஊர்ப் பகுதிச் சாவடியில் வைத்தால் சேரி ஆள் உள்ளே வரக் கூச்சப்படுவார், வந்தால் ஓரமாக உட்கார வைக்கப்படுவார். குழுப் பேச்சில் வட்டமாக உட்கார வேண்டும். அந்த வட்டத்தில் சாதி நுழைந்தால் சிகிச்சை அங்கேயே முடிந்தது. ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளிக்கூடம் மாதிரி சட்டப்படி எல்லோருக்கும் பொதுவான இடத்தைக் கேளுங்கள்.

அரசு அசையும் வரை காத்திருக்கவும் வேண்டாம். மாகறலைச் சுற்றியும் அதைத் தாண்டியும் நமக்கு அம்பேத்கர் மன்றங்கள், படிப்பகங்கள், இரவுப் பாடசாலைகள் இருக்கின்றன. வரும் போகிக்கு முன்பே, குடியை விட்டவர்கள், விட நினைப்பவர்கள் யார் என்று பேசி வையுங்கள். தினம் குடிப்பவரை நிறுத்தச் சொல்லும் முன் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். போகியில் இருந்து காணும் பொங்கல் வரை காலை முதல் ராத்திரி கடை மூடும் வரை மன்றத்தைத் திறந்து வையுங்கள். சாப்பாடும் டீயும் கேரம் போர்டும் இருக்கட்டும், கூடவே உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் இருக்கட்டும். மனைவி, அம்மா, பிள்ளைகளுக்குத் தனியாகப் பேச நேரம் ஒதுக்குங்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையும், 14416 என்ற மனநல உதவி எண்ணையும் சுவரில் எழுதி வையுங்கள். நடுவில் ஒருவர் குடித்துவிட்டு வந்தால் திட்டி அனுப்பாதீர்கள். மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள்.

மன்றம் மருத்துவமனை ஆகாது. பயிற்சி பெற்ற ஆலோசகரையும் மருந்தையும் தர வேண்டியது அரசுதான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஏப்ரல் 14க்கும் கடையை மூடு, அதே நாட்களில் ஒவ்வொரு ஒன்றியத்திலும் பகல்நேரச் சிகிச்சை மையத்தைத் திற. 1929இல் பாதி சொல்லப்பட்ட கோரிக்கையை முழுதாகச் சொல்ல வேண்டியது நம் தலைமுறை. அடுத்த கிராம சபைக் கூட்டம் ஜனவரி 26 அன்றா, மே 1 அன்றா என்று பாருங்கள். இரண்டும் டாஸ்மாக் மூடியிருக்கும் நாட்கள்தான். தீர்மானத்தை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

ஜெய்பீம்.