துப்பாக்கியின் குதிரையும் விசையும்

ஆங்கிலத்தின் 'டிரிகர்' என்னும் சொல்லைத் தமிழாக்குவோர் சிலர் குதிரை என்றும் சிலர் விசை என்றும் எழுதுகின்றனர். குதிரை என்பது மருந்தைப் பற்றவைக்கச் சாயும் மேலுறுப்பின் பெயர். விரல் படும் கீழுறுப்பு அதனின் வேறு. ஆயினும் இம்மயக்கத்தைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட இயலாது. இந்தியிலும் குதிரையைக் குறிக்கும் 'கோடா' இரண்டு உறுப்புகளுக்கும் வழங்குகிறது. இதன் விளக்கத்தைப் பொறியின் வரலாற்றில் தேடுவதே பொருந்தும்.

தொடக்கத்தில் இரண்டும் ஒரே உறுப்பு. 1411ஆம் ஆண்டைச் சார்ந்த வியன்னாச் சுவடி ஒன்றில், கட்டையின் பக்கத்தில் அச்சாணியில் சுழலும் வளைந்த நெம்புகோல் வரையப்பட்டுள்ளது. அதன் மேல்முனை எரியும் திரியைப் பற்றியிருக்கும். கீழ்முனையை இழுத்தால் திரி மருந்தின் மீது சாயும். இவ்வளைவினால் ஐரோப்பியர் இதற்குப் பாம்பின் பெயரிட்டனர். பின்னர் உறுப்புகள் பிரிந்தபோது மேலுறுப்பு ஆங்கிலத்தில் சேவலாகவும் பிரெஞ்சில் நாயாகவும் ஆயிற்று. போர்த்துகீசியத்திலோ மேலுறுப்பு நாய், கீழுறுப்பு பூனைக்குட்டி! 'டிரிகர்' மட்டும் விலங்கன்று. 'இழுப்பது' எனப் பொருள்படும் டச்சுச் சொல்லின் வழி வந்தது.

ஆசியாவில் திரித்துப்பாக்கி இரு வேறு வகையாக இயங்கியது. வட இந்தியாவின் தோடேதார், 'தோடா' எனப்படும் திரியால் பெயர் பெற்றது. அதில் திரிபிடி கட்டையின் பிளவிலிருந்து வெளிப்பட்டு நிற்கும். உள்ளிருக்கும் இணைப்பால் விரலின் இழுப்புக்கு ஏற்பப் படிப்படியாகத் தாழும். 1543இல் போர்த்துகீசியர் தானெகாஷிமா தீவுக்குக் கொண்டுவந்த துப்பாக்கியின் வழி வந்த ஜப்பானிய வகையில், திரிபிடியை முதலில் பித்தளை வில்லின் அழுத்தத்திற்கு எதிராக உயர்த்தி நிறுத்த வேண்டும். விரல் அதனை விடுவிக்கிறது, விழச்செய்வது வில்லே. இருந்தும் ஜப்பானியர் விரலுறுப்பை 'ஹிகிகனே', அதாவது இழுக்கும் உலோகம், என்றே அழைத்தனர். பெயர் கையின் செயலைச் சொல்கிறது, பொறியின் செயலை அன்று.

தமிழின் 'விசை' பொறியின் செயலைச் சொல்வது. ஆதலால் ஜப்பானியத் துப்பாக்கிக்கும் பிற்காலத்தனவற்றிற்கும் அது நன்கு பொருந்தும், தோடேதாருக்குப் பொருந்தாது. அங்கே 'இழுகோல்' எனலே சரி.

வழக்குமன்ற மொழிபெயர்ப்பில் இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நிற்பதில்லை. குதிரையை உயர்த்தியவன் சுட ஆயத்தமானவன். விசையை இழுத்தவன் சுட்டவன். சாட்சி "குதிரையை இழுத்தான்" என்று கூறினால், எந்த உறுப்பு என்பதைக் கேட்டறியாமல் மொழிபெயர்ப்பாளர் அதனை ஆங்கிலமாக்கலாகாது.