தடை செய்யப்பட்ட திருநாள்

குடித்துக் குடித்துக் கால் தளர்ந்து, குடிசை வாயிற்படியிலே தூணைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகிறான் ஒரு பாதிரி. கையிலே சிலுவை! வாசற்புறத்திலே மயங்கி விழுந்து கிடக்கிறது இன்னோர் உருவம். முகம் அழிந்துபோன திருவுருவப் படத்தை ஏந்திப் பாடிச் செல்கிறாள் ஒருத்தி. அவள் பின்னே கந்தலாடைக் கிழவன் ஒருவன்; அவன் ஏந்தியிருக்கும் படமோ தலைகீழாக இருக்கிறது! தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்பதை அவனும் அறியான், அறிவிப்பாரும் அங்கில்லை. வானம் இருண்டு, வழியெல்லாம் சேறு. இதுதான் ஈஸ்டர் திருநாள் ஊர்வலம்.

1861ஆம் ஆண்டு ரஷ்ய ஓவியர் வாசிலி பெரோவ் தீட்டிய படம் இது. கற்பனையன்று, கண்கண்ட காட்சி. திருநாளன்று குருமார் வீடுவீடாகச் சென்று ஓதுவதும், ஓதிய வீட்டிலெல்லாம் ஊற்றிக் கொடுப்பதைக் குடிப்பதும் நாட்டுப்புற வழக்கமாயிருந்தது. பண்ணையடிமைகளாக உழன்ற இரண்டு கோடிக்கு மேற்பட்ட உழவர்களுக்கு ஜார் மன்னன் விடுதலை அறிவித்த ஆண்டும் அதுவே. விடுதலை என்றார்கள், உழுத நிலத்துக்கு மட்டும் ஆண்டாண்டாகப் பணம் கட்டச் சொன்னார்கள்! உடலின் விலங்கை மன்னன் தளர்த்தினான். உள்ளத்தின் விலங்கை யார் தளர்த்துவது? இருபத்தேழு வயது இளைஞர் தூரிகையால் அந்த வினாவைத்தான் எழுப்பினார்.

விடுவார்களா? பீட்டர்ஸ்பர்க் கண்காட்சியிலிருந்து படம் அகற்றப்பட்டது. படியெடுத்து வெளியிடவும் தடை. ஆனால் மாஸ்கோ வணிகர் டிரெட்டியாக்கோவ் துணிந்து அதை விலைகொடுத்து வாங்கினார். இத்தகைய படத்தை ஏன் வாங்கினாய் என்று திருச்சபை மன்றம் கேட்கக்கூடும் என்றும், பெரோவ் இத்தாலிக்குப் போவதற்குப் பதிலாகச் சொலவெத்ஸ்கி மடத்துச் சிறைக்குப் போக நேரலாம் என்றும் அவருக்கு நண்பரொருவர் எச்சரித்து எழுதினார். மடத்துக்குள் சிறை! தொழுகைக்கும் தண்டனைக்கும் ஒரே கூரை போதுமென்று கருதிய காலமது.

பெரோவ் என்பது அவருடைய குடும்பப் பெயரன்று என்பதையும் நாம் அறியவேண்டும். சைபீரியாவில் தொபோல்ஸ்க் நகரிலே, பிரபு ஒருவருக்கு முறைமணம் நிகழுமுன்னே பிறந்த பிள்ளை அவர். பின்னர் பெற்றோர் மணந்துகொண்டும் தந்தையின் பெயரைத் தாங்கச் சட்டம் இடந்தரவில்லை. எழுத்துக் கற்பித்த ஆசிரியர், சிறுவனின் அழகிய கையெழுத்தைக் கண்டு மகிழ்ந்து வைத்த பட்டப்பெயர்தான் பெரோவ். 'பெரோ' என்றால் எழுதுகோல். பிறப்பு தர மறுத்த பெயரைத் திறமை தந்தது!

பொற்பதக்கம் பெற்றுப் பாரிசுக்குச் சென்றவர், உதவித்தொகைக் காலம் முடியுமுன்பே 1864இல் திரும்பிவிட்டார். மக்களின் வாழ்வும் பண்பும் அறியாத நாட்டிலே இருந்துகொண்டு அவர்களைத் தீட்ட முடியாது என்பது அவர் சொன்ன காரணம். வந்தபின் தீட்டியவற்றுள் தலையாயது 1866இல் முடித்த 'மூவர் வண்டி'. பனி கொட்டும் மாஸ்கோத் தெருவிலே, தண்ணீர்ப் பீப்பாயைக் குதிரைகள்போல இழுத்துச் செல்லும் மூன்று குழந்தைகள். தொழிற்பட்டறையிலே வேலைக்கு விடப்பட்டவர்கள்.

நடுவிலுள்ள சிறுவனின் முகத்துக்கு ஏற்ற பிள்ளை நெடுநாள் கிடைக்கவில்லை. ஒருநாள், திருமடம் நோக்கி நடந்துகொண்டிருந்த ஏழைத் தாயையும் மகனையும் வழியிலே கண்டார். வாஸ்யா என்பது பிள்ளையின் பெயர். வாசிலி என்பதன் செல்லப்பெயரே அது. படம் எழுதினால் உயிர் தேயும் என்று அஞ்சி மறுத்தாள் தாய். மன்னரும் ஆயரும் எழுதிக்கொள்கிறார்களே என்று சொல்லித்தான் இணங்கவைத்தார் பெரோவ். பேதைமையை வெல்லவும் ஆயரையே சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது, பாருங்கள்!

நான்கு ஆண்டுகள் சென்றன. அதே தாய் ஓவியரைத் தேடி வந்தாள். மகன் மாண்டுவிட்டான். கொன்றது தூரிகையன்று, அம்மை. அம்மையைத் தடுக்கும் வழியை ஜென்னர் கண்டது 1796இலே. முக்கால் நூற்றாண்டு கழிந்தும் அது அந்தப் பிள்ளைக்கு எட்டவில்லை! உடைமைகளை விற்றுச் சேர்த்த காசை எடுத்துக்கொண்டு, மகன் இருக்கும் படத்தை விலைக்குக் கேட்டாள் அவள். படமோ டிரெட்டியாக்கோவின் கூடத்துக்குப் போய்விட்டது. பெரோவ் அவளை அங்கே அழைத்துச் சென்றார். சுவர்நிறைந்த படங்களுக்கிடையே தன் மகனைத் தானே கண்டுகொண்டாள், மண்டியிட்டாள், நெடுநேரம் எழவில்லை.

படங்களின்முன் மண்டியிடுவோரைப் பார்த்து நாம் பலமுறை நகைத்திருக்கிறோம். ஓவியரே எழுதிவைத்த இந்த நிகழ்ச்சியைப் படித்தபோது நமக்கு நகைப்பு வரவில்லை. பாதிரியைச் சந்தி சிரிக்க வைத்த அதே கை, வாஸ்யாவின் உருவத்தைத் தனியே தீட்டி அவளுடைய ஊருக்கு அனுப்பிவைத்தது. திருவுருவப் படங்களின் அருகிலேயே அதை மாட்டியிருப்பதாக அவளிடமிருந்து பதில் வந்தது.