மணிக்கட்டு வழியே இதயத்துக்கு

எங்கள் தலைமுறைக்கு ஆஞ்சியோ என்றால் தொடைதான். தொடை இடுக்கில் ஊசி. அப்புறம் காலை மடக்காமல் மணிக்கணக்கில் மல்லாந்து கிடக்கணும். சிலருக்கு அந்த இடத்தில் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து, இதயத்தைச் சரிசெய்தும் ஆள் பிழைக்காமல் போனதுண்டு.

வேடிக்கை பாருங்கள், கதை ஆரம்பித்ததே கையில்தான்! 1929-ல் ஜெர்மனியில் எபர்ஸ்வால்டு என்ற ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர், தன் கைச் சிரையில் தானே குழாயைச் செருகிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார். 1958-ல் க்ளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் வேலை செய்ததும் முழங்கை மடிப்பைக் கீறித்தான். ஆனால் ஸ்வீடனின் செல்டிங்கர் 1953-ல் தந்த ஊசி–கம்பி முறைக்குத் தொடைத் தமனி தோதாக இருந்தது. 1977-ல் ஜூரிச்சில் க்ரூன்ட்ஸிக் முதல் பலூனை அனுப்பியதும் அந்த வழியேதான்.

1989-ல் மாண்ட்ரியலின் லூசியன் காம்போ, 100 பேருக்கு மணிக்கட்டுத் தமனி வழியே ஆஞ்சியோ செய்ததை எழுதினார். 1992-ல் ஆம்ஸ்டர்டாமில் கீமெனே அதே வழியில் பலூனும் செய்துகாட்டினார். "இந்தப் பொடி நரம்புலயா?" என்றவர்கள் ஏராளம். ஆனால் யோசித்தால் விஷயம் எளிது. அடியிலேயே எலும்பு, அழுத்தினால் ரத்தம் நின்றுவிடும். கைக்கு ரத்தம் தர இன்னொரு தமனியும் இருக்கிறது. 2015-ல் வெளியான மேட்ரிக்ஸ் ஆய்வில், 8,404 மாரடைப்பு வகை நோயாளிகளில் மணிக்கட்டு வழியில் போனவர்களுக்கு ரத்தக்கசிவும் குறைவு, மரணமும் குறைவு.

சங்கடம் அளவில். இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழாய் அது. ஊசி தவறினால் சுருங்கிக்கொள்ளும், நாடியே விரலுக்குக் கிடைக்காது. திரும்பத் தொடைக்குத்தான் போகணும். அதே 2015-ல் அமெரிக்காவில் செட்டோ குழுவினர் 698 பேரிடம் அல்ட்ராசவுண்டை வைத்துப் பார்த்தார்கள். சராசரி முயற்சி 3.05-லிருந்து 1.65 ஆனது. முதல் குத்திலேயே கிடைத்தது 44 சதவீதத்திலிருந்து 65 ஆனது. விரலை நம்பி ஐந்து நிமிடம் தோற்ற 10 பேரில் 8 பேருக்கு, கருவியை வைத்ததும் வழி கிடைத்தது. ரத்தக்கசிவில் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லணும். நேர மிச்சமும் சராசரியில் இருபது விநாடிதான். "இதுக்கா ஒரு மெஷின்?" என்று சீனியர்கள் சிரிக்கலாம். அந்த எட்டுப் பேரைக் கேட்டால் தெரியும்!

மாணவத் தம்பி தங்கைகளே, ஐ.சி.யு.வில் ப்ரோப் சும்மா இருக்கும்போது, அனுமதி கேட்டு உங்கள் மணிக்கட்டிலேயே வைத்துப் பாருங்கள். லேசாக அழுத்தினால் சிரை தட்டையாகிவிடும். தமனி மட்டும் துடித்துக்கொண்டே நிற்கும்.