கொசுறு கொடுத்தவர் யார்?

காய்கறிக் கடையில் பையை நீட்டி, "கொஞ்சம் கறிவேப்பிலை போடுங்க" என்று கேட்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. வாங்குபவர் உரிமையோடு கேட்பதும் விற்பவர் முகம் சுளிக்காமல் கிள்ளிப் போடுவதும்தான் கொசுறு. ஆடித் தள்ளுபடிக்கும் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' பலகைக்கும் முன்பே இருந்த வழக்கம் இது.

இதே கொசுறு, விளைந்த பொருள் மண்டிக்குப் போகும்போது விவசாயிக்கு எதிராகத் திரும்பியது. அங்கே அதை அவர் விரும்பிக் கொடுக்கவில்லை, அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட மண்டிகள் இருந்த வேலூர் வட்டாரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழில்தான் நினைவுக்கு வரும். ஆனால் இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கும் கலவையைச் சுற்றி நெல்லும் நிலக்கடலையும்தான் வாழ்வு. நிலக்கடலைக்கு வழங்கும் மணிலாக்கொட்டை என்ற பெயர் பேச்சில் தேய்ந்து, ஆர்க்காட்டுப் பக்கத்தில் 'மல்லாட்டை' ஆனது. அந்த மல்லாட்டை மூட்டை பழைய மண்டியில் இறங்கினால், பணம் கைக்கு வருவதற்குள் தரகு, எடைக்கூலி, இறக்குகூலி, கோயிலுக்கு மகமை, சாக்குக்குக் கழிவு என்று ஒவ்வொன்றாகக் குறையும். மாதிரி பார்க்கிறேன் என்று அள்ளிய கை நிறையக் கடலைக்குக் கணக்கே கிடையாது. தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசிய இடங்களில், தன் சரக்கு என்ன விலைக்குப் போனது என்பதுகூட உரியவருக்குத் தெரியாது.

1926இல் லின்லித்கோ பிரபு தலைமையில் அமைந்த வேளாண்மை ராயல் கமிஷன், 1928 அறிக்கையில் இந்தப் பிடித்தங்களை எடுத்துச் சொன்னது. 1897 முதல் பேராரில் நடந்துவந்த பருத்திச் சந்தைகளைப் போல, மற்ற மாகாணங்களிலும் சட்டத்துக்கு உட்பட்ட சந்தைகள் வேண்டும் என்றது. சென்னை மாகாணம் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தை இயற்றியது. பருத்தி, நிலக்கடலை, புகையிலை ஆகியவை அதில் அடங்கின. முதல் ஒழுங்குமுறைச் சந்தை 1936இல் திருப்பூரில் பருத்திக்காகத் திறக்கப்பட்டது.

1959இலும் 1987இலும் சட்டம் புதிதாக எழுதப்பட்டது. கலவையிலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் வந்தது. இந்தக் கூடங்களில் விற்கும் விவசாயியிடம் தரகு பிடிப்பதில்லை. சந்தைக் கட்டணத்தை வாங்கும் வியாபாரியே கட்ட வேண்டும். வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் போடுகிறார்கள், அதிக விலை கேட்டவருக்குச் சரக்கு. விலை போதாது என்றால் விவசாயி விற்க மறுக்கலாம், கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடனும் பெறலாம்.

தரகு இல்லாத விற்பனையைக் காய்கறிக்கும் கொண்டுவந்தது உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தையை முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். கடை வாடகை கிடையாது, தராசு இலவசம், இடைத்தரகருக்கு இடமில்லை. மொத்த விலையை விட விவசாயிக்குக் கூடுதலாகவும், சில்லறை விலையை விட வாங்குபவருக்குக் குறைவாகவும் இருக்கும்படி தினமும் விலை குறித்தார்கள். யாரும் தன் கையிலிருந்து தள்ளுபடி தரவில்லை. நடுவில் கழிந்த பணம்தான் இரு பக்கமும் திரும்பியது.

மூட்டையோடு கூடத்துக்குப் போகிறவர்கள் எடைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். விற்றவர் பெயரில் தரகு என்று ஒரு வரி அதில் இருக்கக் கூடாது.