கீழூர் வாக்கும் அதன் பின் எட்டு ஆண்டுகளும்

மதுரை மாநகரில் நான் அடிக்கடி கடந்து செல்லும் இடம் மாட்டுத்தாவணி. இன்று அது வெளியூர்ப் பேருந்துகள் வந்து கூடும் பெரு நிலையம். எனினும், மாடுகளைக் கட்டி வைத்து விலை பேசிய பழைய காலத்தை அதன் பெயர் விடாமல் சுமந்து நிற்கிறது. மாட்டு வியாபாரத்தில் துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை முடிவதற்கு அதிக நேரம் ஆவதில்லை. கயிறு யாருக்கு, கூட வந்த கன்று யாருக்கு, பாக்கிப் பணம் என்றைக்கு என்ற பேச்சுத்தான் பொழுது சாயும் வரை நீளும்.

நாடுகள் ஒரு கூட்டிலிருந்து பிரிவதும் ஏறக்குறைய இவ்வாறே நடக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், ஐரோப்பிய ஒன்றியத்தினின்றும் விலகுவதென்று பிரிட்டிஷ் மக்கள் வாக்களித்தனர். விலக விரும்பியோர் நூற்றுக்கு 51.9, இருக்க விரும்பியோர் 48.1. ஒரே நாளில் முடிந்த அந்த வாக்கின் பொருள் என்ன என்று பாராளுமன்றம் ஆண்டுக் கணக்கில் வழக்காடியது. 2020 ஜனவரி 31-ஆம் நாள்தான் விலகல் நிறைவேறிற்று. அயர்லாந்து எல்லைச் சிக்கல் அதன் பின்னரும் தொடர்ந்தது.

இச்செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவு நம் தமிழ் மண்ணிலுள்ள ஒரு சிற்றூருக்குச் செல்கிறது. புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த கீழூர் அது. 1946-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின்படி பிரெஞ்சுக்காரர் தம் ஆட்சிப் பகுதிகளையெல்லாம் 'பிரெஞ்சு யூனியன்' என்ற ஒரே அமைப்பாக்கினர். புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்தும் அதில் அடங்கின. அவற்றின் எதிர்காலத்தை அவ்வவ்வூர் மக்களே முடிவு செய்வர் என்று 1948-இல் இந்தியாவும் பிரான்சும் உடன்பட்டன.

சந்திரநாகூர் மக்கள் 1949 ஜூன் மாதத்தில் நேரே வாக்களித்தனர். இந்தியாவுடன் சேர 7,463 பேரும், யூனியனில் நீடிக்க 114 பேரும் கருத்துத் தெரிவித்தனர். மற்ற நான்கு பகுதிகளில் அவ்வாறு நடக்கவில்லை. அங்கே தேர்தல் என்றாலே அடிதடியும் கள்ள வாக்கும் என்ற பேச்சு பரவியிருந்தது; நியாயமான வாக்கெடுப்பு நடக்க இயலுமா என்ற ஐயம் வலுத்தது. 1954 மார்ச்சில் எதுவார் குபேர் முதலிய தலைவர்கள் இணைப்பின் பக்கம் வந்தனர். வ. சுப்பையா போன்றோர் வெகு காலமாகவே பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போராடி வந்தவர்கள்.

இறுதியில், 1954 அக்டோபர் 18-ஆம் நாள், சட்டசபைப் பிரதிநிதிகளும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர் கீழூரில் கூடினர். இணைப்புக்கு ஆதரவாக 170 வாக்குகள், எதிராக எட்டு. நவம்பர் முதல் நாள் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

கதை இத்துடன் முடிந்தது என்றே பலரும் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. நிர்வாகம் மாறியதேயொழிய, சட்டப்படி அம்மண் பிரான்சுக்கே உரியதாக இருந்தது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தாயிற்று. பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதை ஏற்கவோ மேலும் ஆறு ஆண்டுகள் கழிந்தன. மக்களின் சம்மதமின்றி நிலத்தைக் கைமாற்றலாகாது என்பது அந்நாட்டின் அரசியல் சட்டம். பிரதிநிதிகளின் வாக்கு மக்களின் சம்மதம் ஆகுமா என்ற வினா எழாதிருக்குமா? அல்ஜீரியப் போரும் இடையே நின்றது. அது முடிந்த பிறகே, 1962 ஆகஸ்ட் 16-ஆம் நாள், சட்டபூர்வமான மாற்றம் நிறைவேறிற்று.

கயிற்றையும் கன்றையும் பற்றிய பேச்சு அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. பிரெஞ்சு மொழியின் நிலை, ஓய்வூதியம், கல்வி நிலையங்கள் ஆகியவை விவரமாக எழுதப்பட்டன. யாவற்றினும் நுட்பமானது குடியுரிமை. அப்பகுதியில் பிறந்து அங்கேயே வாழ்ந்தோர் இந்தியக் குடிமக்கள் ஆவர். பிரெஞ்சுக் குடிமக்களாக நீடிக்க விரும்பினால் ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இந்தியாவுக்கு வெளியே வாழ்ந்தோரோ பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர்வர். பிழைப்புக்காகச் சைகோனுக்குச் சென்ற அண்ணன் பிரெஞ்சுக்காரர்; புதுச்சேரியில் தாயைக் காத்து நின்ற தம்பி இந்தியர். ஒரே வயிற்றில் பிறந்தவர்களை இவ்விதம் ஒரு விதி இரு நாட்டவராக்க முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஏழைக்கு அந்த ஆறு மாதக் கெடு போதுமானதா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அதே ஒப்பந்தம் மற்றொரு வாக்கும் அளித்தது. அப்பகுதிகளின் தனி அந்தஸ்தை மாற்றுவதாயின் மக்களின் விருப்பத்தை அறிந்தே மாற்ற வேண்டும் என்பது அது. 1979-இல் புதுச்சேரியை அண்டை மாநிலத்துடன் இணைக்கும் எண்ணம் தில்லியில் எழுந்தபோது, அங்கே பெருங்கிளர்ச்சி மூண்டது, அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. கீழூரில் பெரிய வீட்டோடு சேர விரும்பியவர்களும் தம் அறையின் சாவியைக் கொடுத்துவிட விரும்பவில்லை.

170-க்கு எட்டு என்ற முடிவையே நிறைவேற்ற ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆயின. 52-க்கு 48 என்ற முடிவு ஒரு நாட்டை அலைக்கழித்ததில் வியப்பில்லை. விலகலாமா என்று கேட்பது எளிது. விலகிய பின் யார் எங்கே நிற்பர் என்பதை எழுதி வைப்பதே அரிது. புதுச்சேரியில் அதைப் பொறுமையாக எழுதினர். ஆயினும் மக்களை நேரே கேட்கவில்லை. பிரிட்டனில் மக்களை நேரே கேட்டனர். ஆயினும் எழுதுவதைப் பின்னால் வைத்துக்கொண்டனர். இரண்டும் குறையே. வென்றவர்களின் விருப்பம் வாக்குப் பெட்டியிலேயே தெரிந்துவிடுகிறது. தோற்ற எட்டுப் பேருக்கும், கேட்கப்படாத பல்லாயிரவருக்கும் என்ன வழி செய்தோம் என்பதைக் கொண்டே பின்வருவோர் நம்மை மதிப்பிடுவர் என்பது என் கருத்து.