இறங்கிய வருஷம்

பந்தை உதைக்கிறவரே கோஷ்டியை நடத்தவும் செய்யலாமா, கூடாதா?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கப்புறம் அங்கே ஓடுவது மனிதர்களின் கால்களும் நாக்குகளுந்தான். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு என் நண்பர்கள் எத்தனையோ மாலைகளைக் கழித்திருக்கிறார்கள். நானும் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கால்பந்தாட்டத்தில் அவ்வளவாக ஈடுபாடு இல்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமாக ஒரு கிளப்பில் ஆடுகிறவர்கள் வேறு, ஆட்டி வைக்கிறவர் வேறு. பின்னவரை மானேஜர் என்பார்கள். அவர் கோட்டுக்கு வெளியே நின்று கையைக் காலை ஆட்டிக் கத்துவார். இன்றைக்கு யார் இறங்குவது, யார் உட்காருவது, யாரைப் பாதியில் மாற்றுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அபூர்வமாகச் சில கிளப்புகளில் இரண்டு வேலையையும் ஒருவரே பார்ப்பதுண்டு. அவரை ‘ஆடும் மானேஜர்’ என்று வைத்துக்கொள்வோம்.

நம்முடைய நாடக மேடைக்கு இது புதிய சங்கதி அல்ல. நவாப் ராஜமாணிக்கமும் டி.கே. சண்முகமும் கம்பெனியையும் நடத்தினார்கள், வேஷமும் கட்டினார்கள். ஆனால் நாடகத்தில் எதிரியாக நடிப்பவனும் நம் கம்பெனி ஆள்தான். நாம் எழுதிக் கொடுத்த இடத்தில் விழுந்துவிடுவான். பந்தாட்டத்தில் எதிரி அப்படி விழ மாட்டான். சங்கடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆடும் மானேஜர் வேண்டும் என்கிற கட்சிக்குப் பெரிய அத்தாட்சி இங்கிலாந்தில் இருக்கிறது. 1985-ல் லிவர்பூல் கிளப் தன்னுடைய ஆட்டக்காரரான கென்னி டால்கிலீஷிடமே மானேஜர் பதவியை ஒப்படைத்தது. பிரஸ்ஸல்ஸ் நகரில் ஹேய்சல் மைதானத்தில் ரசிகர்கள் நெரிபட்டு மடிந்த துயர சம்பவத்துக்கு மறுநாள் வந்தது அந்த அறிவிப்பு. அவ்வளவு பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடத் தொடங்கிய மனிதர், முதல் வருஷத்திலேயே லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வென்றார். 1986 மே 3-ஆம் தேதி செல்சி மைதானத்தில் லீக்கை முடித்து வைத்த அந்த ஒரே கோலும் அவர் காலிலிருந்து வந்ததுதான். இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அந்த வருஷம் பல ஆட்டங்களில் டால்கிலீஷ் என்கிற மானேஜர், டால்கிலீஷ் என்கிற ஆட்டக்காரரை வெளியே உட்கார வைத்திருந்தார். பிறரை உட்கார வைப்பது அதிகாரம். தன்னைத்தானே உட்கார வைப்பதற்கு வேறு ஏதோ ஒன்று வேண்டும்.

இதெல்லாம் எங்கேயோ சீமையில் நடந்த கதை என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் என்ற பெயரில் அந்தக் கதை நம் வாசலுக்கே வந்து சேர்ந்தது. புதுச்சேரிக்கு என்று அதில் ஒரு கோஷ்டி இல்லை. நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்தில் சென்னை இருந்தது. எனவே சென்னையின் எஃப்.சி.தான் நம்முடைய கோஷ்டி என்று இளைஞர்கள் தீர்மானித்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினார்கள்.

ஆனால் புதுச்சேரிக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல் ஏற்பட்டது. சென்னைக்கு ஆடும் மானேஜராக வந்தவர் இத்தாலியைச் சேர்ந்த மார்க்கோ மத்தராஸி. 2006-ல் பெர்லினில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்சின் தலைவர் ஜிதான் தலையால் மார்பில் முட்டினாரே, அந்த மார்புக்குச் சொந்தக்காரர். ஜிதான் வெளியேற்றப்பட்டார்; பிரான்ஸ் தோற்றது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்று அழைப்பது வழக்கம். எங்கள் கடற்கரைச் சபையில் அப்படி ஒரு சொல்தா தாத்தா உண்டு.

“அந்த ஆளுக்கா கை தட்டச் சொல்றே? என்னால ஆகாது, தம்பி” என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“தாத்தா, அவர் கீழே மிக்கேல் சில்வெஸ்த்ர் ஆடுறாரு. அவர் பிரெஞ்சுக்காரர்தானே? அவருக்காகத் தட்டுங்களேன்” என்றான் ஓர் இளைஞன். தாத்தா அதற்குச் சம்மதித்தார்.

அந்த முதல் வருஷத்தின் அரையிறுதியைப் போல ஆடும் மானேஜர்களைச் சோதித்துப் பார்த்த ஆட்டம் இந்தியாவில் வேறு இல்லை என்றே சொல்வேன். ஒரு பக்கம் மத்தராஸியின் சென்னை. மறு பக்கம் கேரளா பிளாஸ்டர்ஸ். அதற்கும் மானேஜர், கோல்காவலராக ஆட வந்த இங்கிலாந்துக்காரர் டேவிட் ஜேம்ஸ். அட்டவணையில் முதலிடம் பெற்றிருந்தது சென்னை. டிசம்பர் 13 அன்று கொச்சியில் கேரளம் மூன்று கோல் போட்டது, சென்னை ஒன்றுமில்லை. மூன்று நாள் கழித்துச் சென்னை நேரு ஸ்டேடியத்தில் கணக்குத் திரும்பியது. சில்வெஸ்த்ர் ஒரு கோல் போட்டார். கேரளத்தின் ஜிங்கன் சேம் சைடு கோல் ஒன்றை உபயமாகத் தந்தார். தொண்ணூறாவது நிமிஷத்தில் ஜேஜே மூன்றாவதைப் போட்டார். கூடுதல் நேரம் முடிய மூன்று நிமிஷம் இருக்கையில், 117-ஆவது நிமிஷத்தில், கேரளத்தின் பியர்சன் ஒரு கோல் போட்டார். அவ்வளவுதான், முடிந்தது. பஸ்ஸில் திரும்பி வந்தவர்கள் மரக்காணம் தாண்டும்வரை ஒருவரோடு ஒருவர் பேசவில்லையாம்.

“வெளியே நின்று பார்க்கிறவனுக்குத்தான் மைதானம் முழுக்கத் தெரியும். உள்ளே ஓடுகிறவனுக்கு அடுத்தவன் முதுகுதான் தெரியும். அதனால்தான் தோற்றோம்” என்றது ஒரு கட்சி. “ஜெயித்தவனும் ஆடும் மானேஜர்தானே, ஐயா?” என்று மறு கட்சி மடக்கியது. கேரளமும் இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிஷக் கோல் ஒன்றில் கொல்கத்தாவிடம் தோற்றுப்போனது.

மறு வருஷம் மத்தராஸி ஆடவில்லை. மானேஜராக மட்டும் வந்தார். பத்து ஆட்டம் முடிந்தபோது சென்னை அட்டவணையின் அடியில் கிடந்தது. பிறகு நாலு ஆட்டங்களை வரிசையாக வென்று மேலே ஏறிற்று. டிசம்பர் வெள்ளத்தில் சென்னையே மூழ்கியதால், சொந்த ஊரில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆட வேண்டியதாயிற்று. கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் 87-ஆவது நிமிஷத்தில் கோவா முந்தியது. கதை முடிந்தது என்று டெலிவிஷனை அணைத்தவர்கள் துரதிர்ஷ்டசாலிகள். தொண்ணூறாவது நிமிஷத்தில் கோவாவின் கோல்காவலர் தம் கோலுக்குள்ளேயே பந்தைத் தள்ளிவிட, சற்றைக்கெல்லாம் மென்டோசா வெற்றிக் கோலைப் போட்டார். மூன்றுக்கு இரண்டு. கோப்பை சென்னைக்கு.

அதே வருஷம் மும்பைக்கு ஆடும் மானேஜராக இருந்தவர் பிரெஞ்சுக்காரரான நிக்கோலா அனெல்கா. எங்கள் சொல்தா தாத்தா அவரைத்தான் நம்பியிருந்தார். எட்டுக் கோஷ்டிகளில் மும்பைக்கு ஆறாவது இடம் கிடைத்தது. 2018-ல் கொல்கத்தாவின் நடப்புச் சாம்பியன் கோஷ்டி தடுமாறியபோது, ஆடிக்கொண்டிருந்த ராபி கீன் மானேஜர் பொறுப்பையும் ஏற்றுப் பார்த்தார். பத்துக் கோஷ்டிகளில் ஒன்பதாவது இடந்தான் வாய்த்தது.

இந்த இடத்தில்தான் தாத்தா ஒரு நாள் குறுக்கிட்டார்.

“ஒன்பதாவதா வந்தாங்களே, அப்புறம் என்ன ஆச்சு?”

“ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷமும் அங்கேயேதான் ஆடினார்கள்.”

“கீழே இறங்கலையா?”

“இந்த லீக்கில் இறக்கம் கிடையாது, தாத்தா.”

தாத்தா சிரித்தார். “அப்ப எதுக்குத் தம்பி இத்தனை சண்டை?” என்றார்.

அவர் கேட்டது நியாயந்தான். உலகத்தில் பெரும்பாலான தேசங்களில் லீக் என்றால் மாடிப்படி போல. கடைசியில் நின்ற கிளப் அடுத்த வருஷம் கீழ்ப் பிரிவில் ஆட வேண்டும். கூட்டம் குறையும், வரும்படி குறையும், நல்ல ஆட்டக்காரர்கள் மூட்டை கட்டுவார்கள். இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய முதல் பத்து வருஷங்களில் இப்படி ஒருவரும் இறங்கவில்லை. பணம் போட்டவர்களுக்கு அது நிம்மதி. ரசிகனுக்கு?

தாத்தா மார்செய் நகரத்துக் கிளப்பின் பக்தர். 1993 மே மாதம் அந்தக் கிளப் மிலானைத் தோற்கடித்து ஐரோப்பியக் கோப்பையைக் கொண்டு வந்தது; பிரெஞ்சுக் கிளப் ஒன்றுக்கு அது முதல் தடவை. அதற்கு ஆறு நாள் முன்னால் நடந்த ஓர் உள்நாட்டு ஆட்டத்தில் எதிர்க் கோஷ்டிக்கு லஞ்சம் கொடுத்தது பிற்பாடு வெளியாயிற்று. பிரெஞ்சுப் பட்டத்தைப் பிடுங்கினார்கள். 1994-ல் கிளப்பைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கினார்கள். மறு வருஷம் கீழ்ப் பிரிவில் முதலாவதாக வந்தும், பணக் கணக்கு சரியில்லை என்று மேலே விடவில்லை. 1996-ல்தான் ஏற முடிந்தது. தாத்தா 1993 கோப்பையைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசுவார். அந்த இரண்டு இறங்கிய வருஷங்களைப் பற்றி விடிய விடியப் பேசுவார். யார் ஓடிப்போனார்கள், யார் கூட நின்றார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

நம் தேசத்திலேயே இப்படி ஒரு கதை இருக்கிறது. 1920-ல் பிறந்த ஈஸ்ட் பெங்கால் கிளப் 1925-ல் கல்கத்தா லீக்கின் முதல் பிரிவுக்கு வந்தது; 1928-ல் கீழே இறங்கியது. 1930-ல் மேலே ஏறும் நம்பிக்கையோடு ஆடிக்கொண்டிருந்தபோது சட்டமறுப்பு இயக்கம் வந்து லீக்கே பாதியில் நின்றுபோயிற்று. தங்களை மேலே ஏற்ற வேண்டும் என்று ரசிகர்கள் அப்போது தீவட்டி பிடித்துக் கிளம்பியதாகவும், கிளப்பின் சின்னத்தில் இருக்கும் தீவட்டி அங்கிருந்து வந்ததுதான் என்றும் சொல்வார்கள். 1931-ல் இரண்டாம் பிரிவை வென்று மறு வருஷம் மேலே வந்தார்கள். முதல் பிரிவுப் பட்டம் கிடைக்க 1942 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கிளப் எத்தனையோ கோப்பைகளை வென்றிருக்கிறது. ஆனால் சின்னமாக அதற்கு வாய்த்தது இறங்கியிருந்த காலத்தின் தீவட்டி!

இதற்கு எதிராக இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். சென்னை சிட்டி என்ற கிளப் கோயம்புத்தூரில் ஆடி 2018-19-ல் ஐ-லீக் பட்டத்தை வென்றது. கோவை மைதானத்தில் அன்று கூடியவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். ஆனால் 2021-22 அட்டவணையில் அந்தப் பெயரைத் தேடினால் அகப்படாது. கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவில்லை, மறைந்துவிட்டது. இறங்கிய கிளப்பின் ரசிகன் அடுத்த சனிக்கிழமை எங்கே ஆட்டம் என்று கேட்டுக்கொண்டு போகலாம். மறைந்த கிளப்பின் ரசிகன் எங்கே போவான்?

விழுவதற்கும் மறைவதற்கும் உள்ள வித்தியாசம் புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த ஊருக்கும் ஓர் ஆடும் மானேஜர் வாய்த்தார். 1758-ல் கப்பலில் வந்து இறங்கிய லாலி துரைதான் அவர். படைத் தலைமை அவரிடம். பிரெஞ்சுக் கம்பெனியின் ஊழல்களைச் சீர்ப்படுத்தும் அதிகாரமும் அவரிடம். வந்த கையோடு கூடலூர் பக்கத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். சென்னையை முற்றுகையிட்டார், பலிக்கவில்லை. களத்தில் பகைவனோடும், ஊருக்குள் கம்பெனிக் கவுன்சிலோடும் ஏக காலத்தில் சண்டை போட்டார். 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றார். 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை கண் மூடியதும் அதே மாதத்தில்தான். ஆங்கிலேயர் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதைவிடப் பெரிய இறக்கம் ஓர் ஊருக்கு உண்டா? ஆனாலும் 1765-ல் ஊர் திரும்பக் கைக்கு வந்தது. லா தெ லோரிஸ்தோன் இடிபாடுகளின் மேல் திரும்பக் கட்டினார். லாலிக்குத்தான் இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1766-ல் பாரீஸில் அவர் தலையை வாங்கிவிட்டார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன். ஆடும் மானேஜர் இருக்கலாம், தன்னை வெளியே உட்கார வைக்கத் தெரிந்தவராக இருந்தால். அவரிடம் ரசிகன் எதிர்பார்ப்பது தந்திரத்தை அல்ல. தந்திரம் வெளியே நிற்கிறவருக்கே அதிகம் தெரியும். தோற்ற அன்று சேறு அவர் சட்டையிலும் இருக்கிறதா என்றுதான் ரசிகன் பார்க்கிறான். அதற்கு விழுவதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும். பள்ளமே இல்லாத லீக்கில் அவர் என்னதான் உருண்டு புரண்டாலும், இறங்கிய வருஷத்தில் கூட நின்றவர் என்ற பெயர் அவருக்குக் கிடைக்கப் போவதில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயர் தாங்கிய தெருக்கள் இன்னும் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு லாலி தொலாந்தால் வீதி என்று பெயர். ஊரைத் தோற்ற மனிதருக்கும் இந்த ஊர் ஒரு தெருவை ஒதுக்கி வைத்திருக்கிறது.